கொடுத்தவர் சொல்லும் கொண்டவர் பொருளும்



2011-ஆம் ஆண்டில் ஒரு மழைநாள் மாலை, என்னிடம் முன்பு பயின்ற இளைஞர் இருவர் ஆம்பூரில் உள்ள என் வீட்டிற்கு வந்தனர். ஒருவர் உள்ளூர்க்காரர், மற்றவர் பேரணாம்பட்டைச் சேர்ந்தவர், இரண்டு வயது இளையவர். கல்லூரியில் அண்ணன் தம்பிபோல் பழகியவர்கள், அன்று திண்ணையின் இரு கோடியில் அமர்ந்தார்கள். அவர்களைப் பிரித்தது பொருளன்று, பெண்ணன்று, அரசியலன்று. மூன்று சொற்களால் ஆன ஒரு வாக்கியம். “இதனை எவரும் பயன்படுத்திக்கொள்ளலாம்” என்பதே அவ்வாக்கியம். அதனை எழுதிக் கொடுத்தவன் நான். ஆதலால் அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்பதே எனக்கு ஐயம்.

வழக்கின் வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் தோல் வாணிகத்தில் ‘ஜாப் ஒர்க்’ என்று ஒரு முறை உண்டு. தோலுக்கு உடையவர் ஒருவர். அதனைப் பதனிடும் தொழிற்கூடம் வேறொருவருடையது. இத்தனை தோல் உள்ளே சென்றது, இத்தனை வெளியே வந்தது, அவற்றுள் முதல் ரகம் எத்தனை, கழிந்தவை எத்தனை, மொத்தம் எத்தனை சதுர அடி என்று கணக்கு வைப்பது பெரும்பாடு. ஆம்பூர் இளைஞர் அக்கணக்கைக் கணிப்பொறியில் வைப்பதற்கு ஒரு மென்பொருள் இயற்றினார். அதனைப் பூட்டி வைக்காமல், அதன் மூலநிரலையும் எல்லோரும் காணும்படி வலைத்தளத்தில் இட்டார். “ஐயா, மேலே என்ன எழுதுவது?” என்று என்னிடம் கேட்டார். நான் சற்றும் சிந்தியாது அம்மூன்று சொற்களைச் சொன்னேன். வள்ளன்மை ததும்பும் வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்ற பெருமிதமும் எனக்கு இருந்தது.

பேரணாம்பட்டு இளைஞர் அம்மென்பொருளை எடுத்தார். தொழிலாளர் கூலிக் கணக்கிற்கு ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தார். நான்கைந்து தொழிற்கூடங்களில் அதனை நிறுவிக் கூலியும் பெற்றார். மாற்றிய நிரலை எவருக்கும் காட்டவில்லை. முதலில் எழுதியவரின் பெயர் எப்படியோ நீங்கிவிட்டது.

“பயன்படுத்தலாம் என்றுதானே எழுதினேன், ஐயா? திருத்தி விற்கலாம் என்று எழுதினேனா?” என்றார் மூத்தவர்.

“திருத்தக்கூடாது என்றும் நீங்கள் எழுதவில்லையே” என்றார் இளையவர். ‘அண்ணா’ என்ற சொல் அவர் வாயிலிருந்து அன்று வரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

இருவர் சொன்னதும் உண்மை. எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் ஒரு தொழிற்கூடத்தில் கணக்கராய் இருந்தவர். தடித்த தோலை இயந்திரத்தில் இட்டு இரண்டாகப் பிளக்கும்போது, மேற்புறத்தோல் உடையவருக்குச் சேரும். அடியில் கிடைக்கும் பிளவுத்தோல் யாருக்கு? பதனிட்டவருக்கா, தோல் தந்தவருக்கா? முன்னரே பேசி எழுதாவிட்டால் அங்கே வாய்ச்சண்டை நிச்சயம். என் தந்தையார் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் முதற்பக்கத்தில், தோலின் எண்ணிக்கையை எழுதுமுன், பிளவுத்தோல் யாருக்கு என்பதை எழுதுவார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். கல்லூரியில் முப்பது ஆண்டு பாடம் சொன்ன எனக்கு அந்த முன்யோசனை வாய்க்கவில்லை.

அவ்விருவரையும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அனுப்பினேன். பின்பு நூல்களைப் புரட்டத் தொடங்கியபோதுதான், நம் தோல் தொழிலின் வரலாற்றிலேயே இவ்வழக்கை ஒத்த பெருவழக்கு ஒன்று நூறாண்டுக்கு முன் நிகழ்ந்தது நினைவிற்கு வந்தது. அதனை முதலில் கூறுகிறேன்.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர்கள் தோலுக்குப் பெயர் பெற்றவை. (2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இவை மூன்று மாவட்டங்களில் அமைந்துவிட்டன. தோலின் மணம் மட்டும் மாவட்ட எல்லையை அறியாது.) இங்கே பழைய முறை ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிடுவது. அப்படிப் பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரால் இலண்டன் சந்தையில் விலைபோயிற்று. அம்முறைக்கு உரிமையாளர் என்று எவரும் இலர். தந்தை மகனுக்குச் சொன்னார்; தொழிலாளி ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்திற்குப் போகும்போது செய்முறையும் அவருடன் போயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் குரோம் உப்பினால் பதனிடும் முறை தோன்றியது. 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவரும், 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் என்பவரும் அதற்குக் காப்புரிமை பெற்றனர். ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் குரோமில் சில நாட்களில் பதமாகும். அத்துடன் நீரையும் வெப்பத்தையும் அது நன்கு தாங்கும். அப்போது சென்னையில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் இருந்தார். அலுமினியப் பாத்திரத் தொழிலை அரசுச் செலவில் சென்னையில் தொடங்கி, அது வேரூன்றியபின் தனியார் கையில் ஒப்படைத்தவர் அவரே. 1903 முதல் அவர் குரோம் பதனிடுதலில் இறங்கினார். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் தோற்சால் விரைவில் அழுகிப் போகும். குரோம் தோலாயின் நீடித்து உழைக்கும் என்பது அவர் முதலில் கொண்ட எண்ணங்களுள் ஒன்று. உழவனின் கிணற்றடியிலிருந்து ஒரு வேதியியல் ஆராய்ச்சி தொடங்கியது என்பது எனக்குப் பெரிதும் பிடித்த செய்தி.

அரசு செய்துகாட்டும், மக்கள் கற்றுக்கொள்வர், பின்பு தொழில் பரவும் என்பது சாட்டர்டனின் திட்டம். ஆனால் அரசே தோல் பதனிட்டு விற்பது வாணிகத்தில் தலையிடுவதாகும் என்று சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். வழக்கு இலண்டன் வரை சென்றது. இந்தியா மந்திரியாயிருந்த மார்லி பிரபு 1910-இல் தமது ஆணையை அனுப்பினார். புதிய தொழில்முறைகளை மக்களுக்குப் பழக்கப்படுத்துவதற்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம். அதற்கு மேல் அரசு செல்லலாகாது. அம்முறைகள் இலாபம் தருமென்று மெய்ப்பிப்பது தனியாரின் வேலை என்பது அவ்வாணையின் கருத்து.

‘பழக்கப்படுத்துதல்’ என்றால் என்ன? பள்ளியில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதா? சிறு தொட்டி ஒன்றில் நான்கு தோலைப் போட்டுக் காட்டுவதா? ஒரு தொழிற்கூடம் நடத்திக் காட்டுவதா? தோலைப் பதனிட்டுக் காட்டினால், பதனான தோலை என்ன செய்வது? விற்றால் வாணிகமாகும், விற்காவிட்டால் அது இலாபம் தருமா என்பது எப்படித் தெரியும்? சென்னை அரசு அவ்வாணைக்கு மிகக் குறுகிய பொருள் கொண்டது. குரோம் தொழிற்கூடம் அரசின் கையைவிட்டுப் போயிற்று. சாட்டர்டனும் பின்னர் மைசூர் அரசின் பணிக்குச் சென்றார்.

இதில் வியப்பு என்னவென்றால், மார்லிக்குப் பின் மந்திரியான குரூ பிரபு 1911-இன் இறுதியில் மற்றோர் ஓலை அனுப்பினார். சென்னை அரசு தமக்கு முன்னிருந்தவரின் சொற்களுக்கு அளவு மீறிக் குறுகிய பொருள் கொண்டுவிட்டது என்றும், புதிய முறைகளைச் செய்துகாட்டவும் உற்பத்திக் கணக்கை அறியவும் சோதனைக் கூடம் வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை என்றும் அதில் விளக்கம் தந்தார். விளக்கம் வருமுன் வினை முடிந்துவிட்டது. 1916 முதல் 1918 வரை ஆய்வு நடத்திய இந்தியக் கைத்தொழிற் கமிஷன், மார்லி ஆணையினால் விளைந்த சோர்வைக் குறை கூறியது. அக்கமிஷனில் சாட்டர்டனும் ஓர் உறுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இசைவு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இசைவு எதுவரை என்றுதான் சொல்லவில்லை. அஞ்சியவர் குறுக்கிப் படித்தார். அதிகாரத்திலிருந்து வரும் சொல் ஐயத்திற்கு இடமாயின், கீழே இருப்பவர் பெரும்பாலும் அஞ்சியே படிப்பர்.

1912-இல் சேம்பர்ஸ் என்னும் வணிகர் பல்லாவரத்தின் அருகே குரோம் தோல் கம்பெனியை நிறுவினார். அதன் பெயரால் வந்ததே குரோம்பேட்டை. 1915-இல் சென்னையில் தோல் தொழிற் பயிற்சி நிலையம் தோன்றியது. 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. குரோம் முறை நாளடைவில் எங்கள் பாலாற்றங்கரைக்கும் வந்து சேர்ந்தது. அது செல்வத்தையும் கொணர்ந்தது; நிலத்தடி நீரின் கேட்டையும் கொணர்ந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நலமன்றத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு வேறொரு நாள் பேசுவதற்குரியது.

குரோம்பேட்டையை விட்டு நாம் நீங்க வேண்டா. அங்கேதான் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. அக்கல்லூரி வளாகத்தில் இயங்கிய ஆய்வு மையம் ஒன்றும் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் சேர்ந்து, 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தன. ‘பாஸ் லினக்ஸ்’ என்னும் இந்திய இயங்குதளம் அம்முயற்சியில் பிறந்தது. குரோம் தோலால் பெயர் பெற்ற ஊரில், நூறாண்டு கழித்து, செய்முறையைப் பூட்டாமல் வழங்கும் மற்றொரு முயற்சி இடம் பெற்றது. நான் இதனைத் திட்டமிட்ட ஒற்றுமை என்று சொல்லவில்லை. ஆயினும் என் கதைக்கு மிகவும் பொருந்திய ஒற்றுமை.

மென்பொருளுக்கும் தோலுக்கும் உள்ள ஒப்புமை இதுவே. முடிந்த தோலைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, அது எந்தத் தொட்டியில் எவ்வளவு நேரம் எந்த மருந்தில் கிடந்தது என்று கண்டறிவது அரிது. அதற்குச் செய்முறைக் குறிப்பு வேண்டும். மென்பொருளுக்கு அக்குறிப்பு போன்றது மூலநிரல். கணிப்பொறி ஓட்டும் வடிவத்தை மட்டும் பெற்றவர் அதனைப் பயன்படுத்தலாமேயன்றித் திருத்துவது மிகக் கடினம். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எல்லோரும் படித்துத் திருத்திப் பரப்பத்தக்க ஓர் இயங்குதளத்தைப் படைக்கப்போவதாக அறிவித்தார். நிரலை வெளியிட்டால் மட்டும் போதாது, அதனுடன் இசைவும் எழுத்தில் செல்ல வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்தார். 1989-இல் ‘பொது மக்கள் உரிமம்’ எனத்தக்க ஜி.பி.எல். என்னும் உரிமம் பிறந்தது. திருத்தலாம், பரப்பலாம், விலைக்கும் விற்கலாம். ஆனால் திருத்தியதைப் பரப்பும்போது அதன் நிரலையும் அதே உரிமையுடன் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் சொல் விலையின்மையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். இவ்வொரு சொல்லின் இருபொருளால் பல ஆண்டுகள் குழப்பம் நிலவியது. 1998-இல் சிலர் ‘ஓப்பன் சோர்ஸ்’, அதாவது திறந்த மூலம், என்ற புதுப்பெயரை வைத்ததற்கு அக்குழப்பமும் ஒரு காரணம். தமிழில் இத்தொல்லை இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. மொழி நமக்குச் செய்த உதவி இது. ஆயினும் நாம் அவ்வுதவியைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. விலையின்றிக் கிடைத்தால் எல்லா உரிமையும் கிடைத்ததாகவே எண்ணிக்கொள்கிறோம்.

உரிமத்தில் சொற்கள் பிறழ்ந்தால் என்னாகும் என்பதற்கு ‘பைன்’ என்னும் மென்பொருளின் கதை சிறந்த சான்று. 1989-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மின்னஞ்சல் படிப்பதற்காக அது தொடங்கப்பட்டது. மிக எளியது, உலகெங்கும் மாணவர்கள் அதனைப் பயன்படுத்தினர். அதன் பழைய உரிமம், மென்பொருளைப் பயன்படுத்தவும், படியெடுக்கவும், திருத்தவும், பரப்பவும் கட்டணமின்றி இசைவளிப்பதாகக் கூறியது. படித்தவரெல்லாம் இதைவிடத் தாராளமான உரிமம் உண்டோ என்று மகிழ்ந்தனர். பின்னாளில் பல்கலைக்கழகம் வேறொரு பொருள் கூறியது. திருத்தலாம், சரி, பரப்பலாம், சரி, திருத்தியதைப் பரப்பலாம் என்று எங்கே சொன்னோம் என்று கேட்டது!

நீங்கள் இலக்கண வகுப்பில் எண்ணும்மை படித்திருப்பீர்கள். ‘திருத்தவும் பரப்பவும் இசைவு’ என்று எழுதினால் தமிழிலும் அதே ஐயம் எழும். இரண்டும் தனித்தனி உரிமையா, தொடர்ந்து செய்யும் உரிமையா? ‘திருத்திப் பரப்பலாம்’ என்று வினையெச்சத்தால் எழுதிவிட்டால் அவ்வையம் அடியோடு தீர்ந்துவிடும். ஓர் எச்சம் செய்யும் வேலையைப் பாருங்கள்! எச்சத்தை வெறும் தேர்வுக்குரிய பகுதி என்று நான் மாணவனாயிருந்தபோது எண்ணியதுண்டு.

அவ்விளக்கத்தின் விளைவு சிறிதன்று. டெபியன் என்னும் லினக்ஸ் குழுவினர், தாம் திருத்திய பைனை முடிந்த வடிவில் வழங்க இயலாமல், மூலநிரலையும் திருத்தக் குறிப்பையும் மட்டும் கொடுத்து, வேண்டுவோர் தாமே சேர்த்து ஆக்கிக்கொள்ளட்டும் என்று விட்டனர். மற்றவர் வேறு மின்னஞ்சல் மென்பொருள்களை நாடினர். இறுதியில் பல்கலைக்கழகமே ‘ஆல்பைன்’ என்ற புதிய வடிவத்தைத் தெளிவான அப்பாச்சி உரிமத்தின் கீழ் 2007-இல் வெளியிட்டது. பல்கலைக்கழகத்திற்குத் தீய எண்ணம் இருந்ததென்று நான் கருதவில்லை. தன் பெயரில் பிறர் குறைபாடுள்ள மாற்று வடிவங்களைப் பரப்புவரோ என்ற அச்சம் அதற்கு இருந்திருக்கலாம். அவ்வச்சத்தை முதல் நாளே எழுதியிருந்தால் யாரும் ஏமாந்திருக்கமாட்டார்கள்.

இனி, நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்று. ‘பெர்ல்’ என்னும் கணிப்பொறி மொழியைப் படைத்த லாரி வால் என்பவர் ‘கலைஞர் உரிமம்’ எனத்தக்க ஓர் உரிமத்தை எழுதினார். படைத்தவன் தன் படைப்பின் வடிவத்தின்மீது ஓரளவு ஆளுகை வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் நோக்கம். நடை இனியது, பொருளோ பல இடங்களில் வழுக்கும். ஸ்டால்மனின் அமைப்பு அதனைத் தெளிவற்றது என்று ஒதுக்கியது. அவ்வுரிமத்தின் கீழ், ராபர்ட் ஜேக்கப்சன் என்னும் இயற்பியல் அறிஞரும் அவர் நண்பர்களும் விளையாட்டு இரயில்களை இயக்கும் மென்பொருள் ஒன்றை வழங்கினர். கேட்சர் என்பவரின் நிறுவனம் அதன் சில கோப்புகளைத் தன் வாணிக மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. எழுதியவர் பெயரும், உரிமைக் குறிப்பும், எங்கிருந்து எடுத்தது, எதை மாற்றியது என்ற விவரமும் அதில் இல்லை. என் திண்ணைக்கு வந்த வழக்கும் ஏறக்குறைய இதுவே அன்றோ?

நீதிமன்றத்தின்முன் நின்ற கேள்வி நுட்பமானது. உரிமத்தில் ‘பெயரைக் காட்டுக’ என்று இருப்பது இசைவுக்கு நிபந்தனையா, அல்லது இசைவை ஏற்றவர் தரும் தனி வாக்குறுதியா? வாக்குறுதியாயின், மீறியவர் ஒப்பந்தத்தை மீறியவர் மட்டுமே. இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு நட்டம் எவ்வளவு என்று கணக்கிட்டால் வருவது ஒன்றுமில்லை. நிபந்தனையாயின், அதனை மீறியவுடன் இசைவே இல்லாமற் போகும். அவர் பதிப்புரிமையை மீறியவர் ஆவார். கீழ்நீதிமன்றம் 2007-இல் முதற்பொருளைக் கொண்டது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. உரிமத்தில் ‘இவ்வாறு செய்யின்’ என்ற பொருள்படும் சொற்றொடர் இருப்பதைச் சுட்டி, அது நிபந்தனையே என்றது. விலை வாங்காமல் கொடுப்பவருக்கும் தம் விதிகளை வலியுறுத்தும் நலன் உண்டு என்பதையும் அது ஏற்றது. 2010-இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. உலகெங்கும் நிரலைப் பொதுவில் வைத்த எண்ணற்றோரின் உரிமை, ‘செயின்’ என்னும் வாய்பாட்டு எச்சம் ஒன்றைப் பற்றிக்கொண்டு நின்றது என்றால் மிகையன்று.

எல்லா ஐயமும் இப்படிக் கனமானதன்று. டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்பவர் ஜேசான் என்னும் தரவு முறைக்குரிய தம் மென்பொருளின் உரிமத்தில், இதனை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கன்று என்று ஒரு வரி சேர்த்தார். அறநெறியாளர் மகிழலாம், வழக்கறிஞர் தலையில் கை வைப்பர். நன்மை எது, தீமை எது என்பதை எந்த நீதிபதி அளப்பார்? ஐ.பி.எம். நிறுவனத்தார் தங்களுக்கு அதிலிருந்து விலக்கு வேண்டுமென்று கேட்டுப் பெற்றனர் என்று அவரே மேடையில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறார். அவ்வரி இருந்த காரணத்தாலேயே பல கட்டற்ற மென்பொருள் குழுக்கள் அம்மென்பொருளைச் சேர்க்க மறுத்தன.

இவை அயல்நாட்டுச் செய்திகள் என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உள்ளது. 1984-இல் செய்த திருத்தத்தால் கணிப்பொறி நிரல் இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாக அதில் சேர்க்கப்பட்டது. கவிதை எழுதியவருக்கு உள்ள உரிமை நிரல் எழுதியவருக்கும் உண்டு. அதற்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதிய கணமே உரிமை பிறக்கும். ஆதலால், ஒன்றும் எழுதாமல் நிரலை வலைத்தளத்தில் வைத்தால் அது பொதுச்சொத்து ஆகிவிடும் என்று மாணவர் பலர் எண்ணுவது பிழை. இசைவு எழுதப்படாத நிரலைக் காணலாமேயன்றி, எடுத்துத் திருத்திப் பரப்பச் சட்டம் இடம் தராது.

இசைவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு கூறுகிறது. உரிமையை முழுதும் மாற்றிக் கொடுப்பதைப் பற்றிய 19-ஆம் பிரிவில் இரண்டு விதிகள் உள்ளன. காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ளப்படும். 30அ பிரிவு, 19-ஆம் பிரிவை வேண்டிய மாறுதல்களுடன் உரிமங்களுக்கும் பொருத்துகிறது. அமெரிக்காவில் எழுதப்பெற்று உலகெங்கும் வழங்கும் எம்.ஐ.டி. உரிமம் மிகச் சிறியது. காலத்தையும் இடத்தையும் அது குறிக்கவில்லை. அப்பாச்சி உரிமமோ என்றென்றைக்கும் உலகெங்கும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. 2007-இல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் வடிவம், பதிப்புரிமை உள்ள காலம் முழுமைக்கும் என்கிறது. ஆகவே காலம் குறியாத உரிமம் நம் நாட்டில் ஐந்தாண்டில் தேய்ந்துவிடுமோ என்ற கேள்வியைச் சட்ட அறிஞர் எழுப்புகின்றனர். நிரலை எழுதும் மாணவர் இப்பிரிவுகளை ஒருமுறையேனும் படித்தல் நலம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு என் மூன்று சொற்களை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். ‘இதனை’ என்றால் எதனை? ஓடும் மென்பொருளையா, நிரலையுமா? ‘எவரும்’ என்றால் வாணிகரும் அடங்குவரா? ‘பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்பதில் திருத்தல் உண்டா, பரப்பல் உண்டா, விற்றல் உண்டா? எவ்வளவு காலம்? எந்த நாட்டில்? பெயரைக் காட்ட வேண்டுமா? ஒரு கேள்விக்கும் அதில் விடை இல்லை. மார்லி பிரபுவின் ஆணையில்கூட இதைவிடத் தெளிவு இருந்தது.

அடுத்த வாரம் இருவரும் வந்தனர். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பிழை என்னுடையது என்று சொல்லி, நான் படித்தவற்றை இப்போது உங்களுக்குச் சொன்னதுபோல் அவர்களுக்கும் சொன்னேன். மூத்தவர், இனி வெளியிடும் வடிவங்களுக்கு ஜி.பி.எல். மூன்றாம் உரிமத்தை வைப்பதாக முடிவு செய்தார். “நான் எடுத்தது பழைய வாக்கியத்தின் கீழ், புதிய உரிமம் என்னைக் கட்டாது” என்றார் இளையவர். அதுவும் சரியே. கொடுத்த இசைவைப் பின்னோக்கி மாற்றுவது முறையன்று.

அதன்மேல் பேச்சு இரவு எட்டு மணி வரை நீண்டது. இறுதியில் ஒரு முழுத்தாளில் தமிழிலேயே எழுதினோம். கூலிக் கணக்குப் பகுதியின் நிரலை இளையவர் கொடுப்பார். இரண்டு பெயரும் இருக்கும். அதுவரை தொழிற்கூடங்களில் பெற்ற கூலி அவருடையதே. பெயரைக் காட்டும் விதியை எழுதும்போது நான் குறுக்கிட்டு, ‘பெயரைக் காட்டுக’ என்பதை அடித்துவிட்டு, ‘பெயரைக் காட்டினால் மட்டுமே’ என்று திருத்தச் செய்தேன். அவர்களுக்கு அது ஆசிரியரின் பிடிவாதமாகத் தோன்றியிருக்கும். படியிறங்கும்போது இளையவர், “குடை இருக்கிறதா, அண்ணா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

2018-இல் ஒருமுறை பேரணாம்பட்டில் ஒரு தொழிற்கூடத்திற்குச் செல்ல நேர்ந்தது. அலுவலக அறையில் பழைய கணிப்பொறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கணக்கர் தோல் எண்ணிக்கையைப் பதிந்துகொண்டிருந்தார். திரையின் அடியில் சிறிய எழுத்தில் என் வாக்கியம் அப்படியே இருந்தது. புதிய வடிவம் வந்து ஏழாண்டு ஆயிற்றே, மாற்றவில்லையா என்று கேட்டேன். “இது நன்றாகத்தானே ஓடுகிறது, ஐயா? அதோடு, எவரும் பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறதே” என்றார் அவர்.